சம்பளத்தில் ஒரு கைமாற்று: நெருக்கடிக் கால ஊதியக் குறைப்பு

ஒரு நிறுவனத்துக்கு வருமானம் படுத்துவிட்டால் சம்பளச் செலவைக் குறைக்க நிர்வாகத்தின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. நூறு பேரில் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது நூறு பேரையும் வைத்துக்கொண்டு எல்லோர் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. மனிதாபிமானத்தோடு பார்த்தால் இரண்டாவதே மேல் என்று தோன்றும். யாருக்கும் வேலை போவதில்லை, தொழில் தெரிந்த கைகளும் காலம் திரும்பும்வரை அங்கேயே இருக்கும். அப்படியிருந்தும் முதலாளிகளில் பெரும்பாலோர் முதல் வழியைத்தான் எடுக்கிறார்கள்.

ஏன் என்று நேரில் போய்க் கேட்டவர் யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ட்ரூமன் பியூலி. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களை மந்தநிலை பிடித்திருந்தபோது, முதலாளிகள், மேலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், வேலை இழந்தோருக்கு ஆலோசனை சொல்பவர்கள் என்று 300க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தார். 1999இல் நூலாக வந்த அந்த ஆய்வில் திரும்பத் திரும்ப வந்த பதில் மனநிலையைப் பற்றியது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவரின் கசப்பு அவரோடு கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. சம்பளம் குறைக்கப்பட்டவரின் கசப்போ தினமும் காலையில் கார்டு அடித்து உள்ளே வருகிறது. நல்ல வேலைக்காரர்கள் வேறு இடம் தேடிக்கொண்டு முதலில் கிளம்புவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த எதிர்ப்பைப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936இலேயே கவனித்திருக்கிறார். கையில் வாங்கும் காசு குறைவதைத் தொழிலாளர்கள் எதிர்ப்பார்கள், விலைவாசி ஏறி அதே காசின் மதிப்பு தேய்வதை அந்த அளவுக்கு எதிர்க்கமாட்டார்கள் என்றார். இதைத் தொழிலாளியின் அறியாமை என்று அவர் தள்ளிவிடவில்லை. கூலிக் குறைப்பு ஏதோ ஒரு தொழிலில், ஏதோ ஓர் ஆலையில் தொடங்குகிறது. முதலில் அதற்கு இணங்கியவர்கள் மற்றவர்களைவிடக் கீழே போய்விடுகிறார்கள். விலைவாசியோ எல்லோரையும் ஒன்றாக அடிக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1986இல், டேனியல் கானிமன், ஜாக் நெட்ஸ், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் கனடாவில் தொலைபேசி வழியே மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். விலைவாசி ஏறாத ஓர் ஊரில் நிறுவனம் சம்பளத்தை 7 சதவீதம் குறைத்தால் அது அநியாயம் என்றவர்கள் 62 சதவீதம். விலைவாசி 12 சதவீதம் ஏறும் ஊரில் நிறுவனம் 5 சதவீத உயர்வு மட்டும் கொடுத்தால்? பரவாயில்லை என்றவர்கள் 78 சதவீதம். இரண்டிலும் ஊழியரின் நஷ்டம் ஒன்றுதான். வருடாந்திர உயர்வை இரண்டு ஆண்டு ‘தள்ளிவைக்கும்’ நிர்வாகங்கள் இந்த ஆராய்ச்சியைப் படித்திருக்க வேண்டியதில்லை, அனுபவத்திலேயே தெரிந்துவைத்திருக்கின்றன.

சங்கமும் சட்டமும் எட்டாத இடத்திலும் கதை இதுதான். இந்தியக் கிராமங்களின் விவசாயக் கூலியைப் பற்றி சுப்ரீத் கௌர் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அறுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களின் தரவுகளைப் பார்த்தார். நல்ல மழை பெய்த ஆண்டில் கூலி ஏறுகிறது. அடுத்த ஆண்டு மழை சாதாரணமாகிவிட்டாலும் ஏறிய கூலி இறங்குவதில்லை. வேலைக்குக் கூப்பிடும் நாட்கள்தான் குறைகின்றன. ஒருமுறை கைக்கு வந்த கூலியை உரிமையாகவே எண்ணுகிறார்கள். அதைத் தொட வேண்டுமென்றால் கேட்டுத்தான் தொட வேண்டும்.

கேட்டு வாங்குவது என்றால் அது கைமாற்று. நெருக்கடியில் குறைக்கப்படும் சம்பளத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்: வங்கி கொடுக்காத நேரத்தில், வட்டியில்லாமல், ஈடு இல்லாமல், ஊழியர் தன் முதலாளிக்குக் கொடுக்கும் கைமாற்று. கொடுப்பது தவறில்லை. பல நேரங்களில் கொடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் கடன் கேட்பவர் தன் வரவு செலவைச் சொல்ல வேண்டும், எப்போது திருப்பித் தருவார் என்றும் சொல்ல வேண்டும். நூறாண்டு வரலாற்றில் இவை நடந்த இடங்கள் குறைவு. நடந்த இடங்களில் குறைப்பு பெரும்பாலும் அமைதியாகவே முடிந்திருக்கிறது.

அகமதாபாத் 1918 நல்ல தொடக்கம். முந்தைய ஆண்டு ஊரில் பிளேக் பரவியபோது தொழிலாளர்கள் ஓடிவிடாமல் இருக்க ஆலை முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். சிலருக்கு அது கூலியில் 70, 80 சதவீதம்வரை இருந்தது. நோய் தணிந்ததும் அதை நிறுத்தப் பார்த்தார்கள். ஆனால் உலகப்போர்க் காலத்து விலைவாசி இறங்கவில்லை. முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் தரப்பில் அவருடைய அக்காள் அனசூயா. நடுவில் காந்தி. தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 தருவதாகச் சொன்னார்கள். ஆலைகளின் நிலையையும் தொழிலாளியின் வீட்டுச் செலவையும் விசாரித்துப் பார்த்துவிட்டு, 35 சதவீதம்தான் நியாயம் என்றார் காந்தி. பிறகு நடந்த கதவடைப்பும் வேலைநிறுத்தமும் காந்தியின் உண்ணாவிரதமும் எல்லோரும் அறிந்தவை. கடைசியில் நடுவராக வந்த ஆனந்தசங்கர் துருவ் கொடுத்த தீர்ப்பும் 35தான். உண்ணாவிரதத்தைப் பற்றி எழுதியவர்கள் அளவுக்கு இந்தக் கணக்குப் பார்த்த வேலையைப் பற்றி எழுதியவர்கள் இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு.

ஏழாண்டு கழித்து பம்பாய். 1925 செப்டம்பரிலிருந்து கூலியில் 11.5 சதவீதம் குறைப்பு என்று ஆலை முதலாளிகள் அறிவித்தார்கள். ஜப்பான் துணியின் போட்டி ஒரு காரணம். இந்திய ஆலைத் துணிமீது ஆங்கில அரசு போட்டிருந்த 3.5 சதவீதக் கலால் வரி இன்னொரு காரணம். வரியை எடுத்தால் கூலியைப் பழையபடி தருகிறோம் என்றார்கள். ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். டிசம்பரில் அரசு வரியை நிறுத்திவைத்தது, குறைப்பும் ரத்தானது. தொழிலாளிகளுக்கு வெற்றிதான். ஆனால் இரண்டரை மாதம் பட்டினி கிடந்தது அவர்கள்; அதைக் காட்டி அரசிடம் பேரம் பேசியது முதலாளிகள். சம்பளக் குறைப்பு பல நேரங்களில் ஊழியரை நோக்கிப் பேசுவதே இல்லை, அரசை நோக்கிப் பேசுகிறது. 2020லும் இதைப் பார்த்தோம். அந்த ஆண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரசே முதலாளியாக இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு 1931ஐப் பார்க்கலாம். உலகப் பெருமந்தத்தில் பிரிட்டிஷ் அரசு தன் ஊழியர்கள் எல்லோருக்கும் சம்பளம் குறைத்தது. கடற்படையில் பெரும்பாலோருக்கு 10 சதவீதம். ஆனால் 1925க்கு முன் சேர்ந்த கீழ்நிலை மாலுமிகளின் நாள் சம்பளம் நான்கு ஷில்லிங்கிலிருந்து மூன்றாக இறங்கியது; அதாவது 25 சதவீதம். போதாக்குறைக்கு, அதிகாரபூர்வமாகச் சொல்வதற்கு முன்பே பலர் அதைப் பத்திரிகையிலும் வானொலியிலும் தெரிந்துகொண்டார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறைமுகத்தில் கப்பல்களைக் கடலுக்குள் எடுத்துச் செல்ல மாலுமிகள் மறுத்தார்கள். உலகின் மிகப் பெரிய கடற்படையில் கலகம் என்ற செய்தி லண்டன் பணச்சந்தையை ஆட்டியது. அந்த மாதம் 21ஆம் தேதி பிரிட்டன் தங்க நாணயமுறையையே கைவிட்டது. அதற்குள் மாலுமிகளின் குறைப்பு 10 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தளபதிக்குக் குறைவாகவும் கடைசி மாலுமிக்கு அதிகமாகவும் வெட்டும் அட்டவணையைப் போட்டவர்கள் அதைத் தாளில் பார்த்தபோது தவறாகத் தெரியவில்லை போலும்.

அமெரிக்காவின் மூன்று நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1979இல் கிரைஸ்லர் கார் நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. அரசு 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தர ஒப்புக்கொண்டது, ஊழியர்களும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தலைவர் லீ அயக்கோக்கா தன் ஆண்டுச் சம்பளத்தை ஒரு டாலராக்கிக்கொண்டார். அது விளம்பரத்துக்கு உதவியது. அதைவிடப் பெரிய விஷயம், வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசருக்கு 1980இல் இயக்குநர் குழுவில் நாற்காலி கிடைத்தது. கணக்குகளை உள்ளிருந்தே பார்க்க முடிந்தது. ஊழியர்களுக்குப் பங்குகளும் கிடைத்தன. 1983இல், கெடுவுக்கு ஏழாண்டு முன்பே, கடன் அடைந்தது. இது முழுக்க இனிப்பான கதையும் இல்லை. நிறுவனம் தேறிய பிறகும் சம்பளம் உடனே ஏறவில்லை. 1982 இறுதியில் கனடா ஊழியர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் உயர்வு பெற்றார்கள்.

இரண்டாவது, யுனைடெட் விமான நிறுவனம். 1994இல் விமானிகளும் மெக்கானிக்குகளும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஈடாக நிறுவனத்தின் 55 சதவீதப் பங்குகளைப் பெற்றார்கள். கைமாற்றுக்கு ஈடு வாங்கிவிட்டோம் என்று நினைத்தார்கள். 2002 டிசம்பரில் நிறுவனம் திவாலானது, பங்குகள் காகிதமாயின. சம்பளமும் சேமிப்பும் ஒரே கூடையில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின. நம் ஊர் ஸ்டார்ட்அப்களில் ‘சம்பளம் கொஞ்சம் கம்மி, பங்கு தருகிறோம்’ என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 2003. ஆண்டுக்கு 162 கோடி டாலர் மதிப்புள்ள விட்டுக்கொடுப்புகளை மூன்று சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. உறுப்பினர்கள் வாக்களித்து முடித்த கையோடு வெளியானது இன்னொரு செய்தி: உயர் அதிகாரிகள் வெளியேறாமல் இருக்கத் தனிப் போனஸும், நிறுவனம் திவாலானாலும் அவர்களுடைய ஓய்வூதியம் கெடாமல் இருக்க ஓர் அறக்கட்டளையும் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தன. சில நாட்களில் தலைமை நிர்வாகி டொனால்டு கார்ட்டி பதவி விலக வேண்டியதாயிற்று. ஊழியர்களின் குறைப்பு மட்டும் பெரும்பாலும் நிலைத்தது.

கேட்கும் முறைக்கு இவ்வளவு விலை உண்டா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஜெரால்டு கிரீன்பர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். ஒரே நிறுவனத்தின் மூன்று தொழிற்சாலைகள். ஆர்டர்கள் போனதால் இரண்டில் பத்து வாரத்துக்குச் சம்பளம் 15 சதவீதம் குறைந்தது, மூன்றாவதில் குறைக்கவில்லை. குறைத்த இரண்டில் ஒன்றில் நிறுவனத் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவிப்பு முடிந்தது. குறைப்பு நடந்த இரண்டு இடங்களிலும் பொருட்கள் திருட்டுப்போவது கூடியது. ஆனால் கால் மணி நேர ஆலையில் கூடியது மிக அதிகம். வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் திருட்டும் பழைய நிலைக்கு வந்தது. ஊழியர்கள் தாங்களே கைமாற்றை வசூலித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாளியும் தொழிலாளியும் மட்டும் மோதிக்கொள்ளாமல் மூன்றாவது ஆளாக அரசு பாரத்தில் தோள்கொடுக்கும் நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் அதற்குக் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்று பெயர், குறுகிய வேலைநேரம். வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து தருகிறார்கள். 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். 1993 இறுதியில் வோக்ஸ்வாகனில் 30,000 பேர் மிகை என்று தெரிந்தபோது யாரையும் அனுப்பாமல் வார வேலையை 36 மணியிலிருந்து 28.8 மணியாக்கினார்கள். விடுமுறைப் போனஸ், கிறிஸ்துமஸ் போனஸ் போன்றவற்றைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போட்டு, மாதச் சம்பளம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். வருட வருமானம் குறைந்தது. வாடகையும் தவணையும் மாதக் கணக்கில்தானே வருகின்றன. அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்குக் குடித்தனம் தெரிந்திருக்கிறது.

சிங்கப்பூர் வேறு தினுசு. 1985 மந்தநிலையில் அரசு, முதலாளிகள், சங்கம் மூவரும் பேசி, சேம நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கை 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக்கினார்கள். கையில் வரும் சம்பளம் குறையவில்லை, ஆகவே சத்தமும் இல்லை. குறைந்தது முதுமைக்கான சேமிப்பு. முதலாளியின் பங்கு பிறகு ஏறியது, 1999இல் மறுபடி வெட்டப்பட்டது, மறுபடி ஏறியது. இன்று 17 சதவீதத்தில் நிற்கிறது. பழைய 25ஐ அது எட்டவேயில்லை. ஒழுங்காகப் பேசி முடித்த குறைப்பிலும் பாக்கி நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இலங்கையில் 2020 மே மாதம் முத்தரப்பு உடன்பாடு ஒன்று வந்தது. வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது அதிகமோ அது. கீழே ஒரு தரையைக் கட்டிவிட்டுக் குறைத்தார்கள் என்பது அதன் நல்ல அம்சம்.

அந்தத் தரையைப் பற்றி நம் வரலாறு கொஞ்சம் கொடுமையாகவே பேசுகிறது. 1877இல் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் அழித்துக்கொண்டிருந்தபோது, செலவைக் கட்டுப்படுத்த வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா என்று குறைத்தார். அதற்கு முன் ஒன்றரைப் பவுண்டு. உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் விடாமல் எழுதினார். ஓரளவு கூட்டிக் கொடுத்தார்கள். நூறாண்டுக்கும் மேலான பிறகு ராஜஸ்தான் அரசு, பஞ்ச நிவாரண வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று வாதாடியது. சஞ்ஜித் ராய் தொடுத்த அந்த வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. அதற்கும் முன்பே, 1950களில், கிரவுன் அலுமினியம் வழக்கில் நீதிமன்றம் எல்லையைப் போட்டிருந்தது: நிறுவனம் உண்மையிலேயே நொடித்தால் சம்பள விகிதத்தைக் குறைக்கலாம், ஆனால் உயிர்வாழ வேண்டிய குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

அந்தத் தரைக்கு மேலே இந்தியச் சட்டம் தருவது என்ன? 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி சம்பளத்தை மாற்ற 21 நாள் அறிவிப்பு வேண்டியிருந்தது. சங்கத்தோடு சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) ஒப்பந்தமோ நேரடியாக 18(1) ஒப்பந்தமோ போட்டுவிட்டால் அந்த அறிவிப்பும் தேவைப்படவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பும் இந்த 21 நாளை வைத்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவருக்கு. நிர்வாகப் பணியில் இருப்பவர்கள் வெளியே. மேற்பார்வையாளர் பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வெளியே. புதிய தொகுப்பில் 18,000க்கு மேல். இந்த நாளில் 18,000 ரூபாய் மேற்பார்வையாளரை முதலாளி வர்க்கம் என்று யார் சொல்வார்கள்? ஆக, கோட்டும் கழுத்துப்பட்டையுமாகப் போகும் பெரும் கூட்டத்துக்குப் பணி ஒப்பந்தம் ஒன்றே துணை. எச்.ஆர். ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அது தொடங்கும். லாபம் வந்த வருடங்களில் இந்தக் குடும்பம் நிர்வாகத்துக்கு ஞாபகம் வருவது அபூர்வம். கீழே ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும்.

2020 இந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதித்தது. மார்ச் 29ஆம் தேதி உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை போட்டது: ஊரடங்குக் காலத்துக்கு எந்த முதலாளியும் பிடித்தமில்லாமல் முழுச் சம்பளம் தர வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று ஆணை சொல்லவில்லை. மே 18 முதல் ஆணையே இல்லாமல் போனது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், ஆணையை மீறியவர்கள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. சங்கமில்லாத தையற்கூடத்துப் பெண்ணும் அவளுடைய முதலாளியும் சமமாக உட்கார்ந்து பேசுவார்கள் என்று நம்ப நீதிமன்றத்தால் மட்டும்தான் முடியும். ஜெர்மனி பாணியில் அரசு தோள்கொடுக்காத இடத்தில் ஆணையும் நிற்காது, பேச்சுவார்த்தையும் நிற்காது.

தனியார் நிறுவனங்கள் பல விதமாக நடந்துகொண்டன. இண்டிகோ மார்ச் 19 அன்றே அறிவித்த திட்டத்தில் தலைமை நிர்வாகிக்கு 25 சதவீதம், மூத்த துணைத் தலைவர்களுக்கு 20, விமானிகளுக்கு 15, பணிப்பெண்களுக்கு 10 என்று மேலிருந்து கீழே குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரண்டு படிநிலைகளைத் தொடவில்லை. இன்வர்கார்டன் அட்டவணைக்கு நேர் எதிர். ஆனால் திரும்பக் கொடுக்கும் தேதி அதில் இல்லை. ஜூலையில் பத்தில் ஒரு பங்கு ஊழியர்களையும் அனுப்பினார்கள். ரிலையன்ஸ், எண்ணெய்–எரிவாயுப் பிரிவில் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு ஏப்ரலில் 10 சதவீதம் குறைத்தது. ஆண்டு முடிவதற்குள் பழைய சம்பளத்துக்குத் திரும்பியது, பிடித்ததையும் திருப்பித் தந்தது. பழைய விகிதத்துக்குத் திரும்புவது வேறு, பிடித்ததைக் கொடுப்பது வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டையும் செய்ததாகப் பெயர் வாங்கிக்கொண்டன.

அரசுகளும் அப்படித்தான். ஆறு நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கேரள அரசு போட்ட உத்தரவை உயர் நீதிமன்றம் நிறுத்தியது, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆந்திரம் மார்ச், ஏப்ரல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தள்ளிவைத்தது. அதைப் பிறகு கொடுத்துவிட்டாலும், தாமதத்துக்கு வட்டி உண்டு என்று உயர் நீதிமன்றம் 12 சதவீதம் விதித்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 6 ஆக்கியது. விகிதம் குறைந்தாலும் கொள்கை நின்றது. செய்த வேலைக்கான சம்பளம் அரசு நினைத்தபோது கொடுக்கும் சலுகை அன்று, அது கடன். கடனுக்கு வட்டி உண்டு. இந்த விஷயத்தில் இந்திய நீதிமன்றங்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

மத்திய அரசோ சம்பளத்தைத் தொடவில்லை, அகவிலைப்படியை நிறுத்தியது. 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகள். 2021 ஜூலையில் 17 சதவீதம் 28 ஆனது. இடைப்பட்ட 18 மாத நிலுவை தரப்படவில்லை. அரசுக்கு மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். தமிழ்நாடும் அகவிலைப்படியை நிறுத்தியது, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்புக்கான பணத்தையும் நிறுத்தியது. நம் அரசு ஊழியர்களுக்கு இது புதிதும் இல்லை. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிச் சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் டெஸ்மா என்னும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. கேட்காமல் பிடித்தால் எதிர்க்க வழியில்லை என்ற நிலையில் ‘சம்மதம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த இழப்பு. தெரியாத ஒன்று பணிக்கொடையில் இருக்கிறது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குவது கணக்கு. 1972 சட்டத்தில் இருந்த அந்த முறையே புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 52,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 26 ஆண்டு வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வர வேண்டியது 7,80,000. மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி அந்தச் சம்பளத்தை 25 சதவீதம் குறைக்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் அவர் ஓய்வுபெறுகிறார் அல்லது வேலையை விட்டு அனுப்பப்படுகிறார். இப்போது கணக்கு 39,000இல் தொடங்கும், வருவது 5,85,000. மூன்று மாதத்தில் விட்டுக்கொடுத்தது 39,000 ரூபாய். இழந்தது அதற்கு மேல் 1,95,000. வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கும் பலருக்குக் கூடவே குறையும். சம்பளக் குறைப்புக்குப் பின் சில மாதத்தில் ஆட்குறைப்பு வரும் நிறுவனங்களில் இது கற்பனைக் கணக்கு இல்லை.

ஆகவே, உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் கையெழுத்துக்கு வந்தால், நிறுவனத்தின் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். பல நேரங்களில் அது உங்கள் வேலையையும் பக்கத்து மேசைக்காரரின் வேலையையும் காப்பாற்றும். ஆனால் குறைப்பு எந்த மாதம் முடிகிறது, பிடித்த தொகை திரும்ப வருமா, மேலே இருப்பவர்களுக்கு எத்தனை சதவீதம் என்பதை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் இறுதிக் கணக்குக்கும் பழைய சம்பளமே அடிப்படை என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்காமல் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.